பாம்புக்கடி பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உடல்நலக் கட்டுரை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியர். மழை பிடித்துவிட்டால் எங்களுக்குப் பாம்புக்கடி வராத வாரம் அபூர்வம். கூட வருகிறவர் கையில் பெரும்பாலும் போன் இருக்கும். அதில் உங்களில் யாரோ எழுதிய கட்டுரை திறந்திருக்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒருமுறை கெண்டைக்காலில் கயிறு கட்டிய நிலையில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கயிற்றுக்கு மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது. பாதம் நீலம் பாரித்துவிட்டது. "இதுல இப்படித்தான் சிஸ்டர் போட்டிருக்கு" என்று மகன் போனை நீட்டினான். முதலில் பாம்பு வகைகள், அப்புறம் புராணத்தில் பாம்பு, நடுநடுவே விளம்பரம், அடியில் எங்கோ 'கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டவும்' என்று ஒரு வரி. அந்தப் பையன்மேல் தப்பே இல்லை. நடுராத்திரியில் அப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு தேடியவனுக்குக் கிடைத்தது அதுதான்.

அந்த நேரத்தில் படிக்கிறவருக்கு முன்னுரை வேண்டாம். முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: 108-ஐக் கூப்பிடுங்கள். கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லுங்கள், நடக்க விடாதீர்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கட்டை வைத்து, கை காலை அசையாமல் வையுங்கள். மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்கள், வீங்கும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். ஏற்கெனவே கயிறு கட்டியாகிவிட்டது என்றால் வழியில் அவிழ்க்க வேண்டாம். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறலாம், மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு நாங்கள் அவிழ்ப்போம். இந்தக் கடைசி விஷயத்தைத் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு.

கட்டுவிரியனுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை அது ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார்; வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை சொருகும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு திணறும். 'நரம்பு மண்டலம் பாதிக்கப்படும்' என்று எழுதினால் ஒரு தாய்க்கு என்ன புரியும்? 'இமையைத் தூக்க முடியாது' என்று எழுதினால் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிடுவாள்.

மருத்துவமனைக்கு வந்த பிறகு நடப்பதையும் எழுதுங்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அந்த 20 நிமிடமும் சொந்தக்காரர்கள் "ஊசி போடாம வேடிக்கை பாக்குறீங்களா" என்று சண்டைக்கு வருவார்கள். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் விஷமுறிவு மருந்து போட முடியும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எனவே பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவரத் தேவையில்லை. அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்களும் எங்களிடம் வருகிறார்கள்.

பச்சிலையில் பிழைத்த கதைகளைத் தயவுசெய்து அப்படியே போடாதீர்கள். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சிலசமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பார்கள். அந்தக் கதையை நம்பி வைத்தியர் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, கட்டுவிரியன் கடியோடு வருகிறவருக்கு மூச்சுக்குழாய் போட்டுத்தான் போராட வேண்டியிருக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். உங்கள் வாசகர்கள் அவர்கள்தான்.

முன்பு எழுதிய கட்டுரையில் 'இறுக்கிக் கட்டவும்' என்ற வரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். புதிதாக எழுதினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டியூட்டி டாக்டரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடுங்கள். பத்து நிமிடம் ஒதுக்கி நாங்கள் படித்துச் சொல்வோம்.

அன்புடன்,
ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர்