ஆம்புலன்ஸ் வரும்வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தார் என்று படித்தால் விதி என்று விட்டுவிடுகிறோம். எல்லாச் சாவும் அப்படியில்லை. தலையில் பலத்த அடி என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், சரி. ஆனால் ரத்தம் வெளியேறியோ மூச்சு அடைத்தோ இறப்பவர்களில் பலரைப் பக்கத்தில் நிற்பவரே காப்பாற்றிவிடலாம். பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான், தொடையில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மடித்த துண்டைக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் உடம்பு எடை முழுக்க இறங்கும்படி அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அந்தக் கொறகொற சத்தம் குறட்டை இல்லை, மூச்சுத் திணறல். நான் பார்த்த ஒரு விபத்தில் அப்படிக் கிடந்தவரின் தலையைத் தூக்கி வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கழுத்து திருகாமல் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் செய்துகாட்டச் சொல்ல வேண்டும், அப்புறம் பள்ளியிலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்