பதினேழாம் எண்

அன்புள்ள தோழிக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி மட்டும் பழையபடியே இருக்கிறது.

சென்ற வாரம் வட்டார வள மையத்தில், குழந்தைகளின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சி பற்றி எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். கரோனாக் காலத்தில் திக்‌ஷா இணையதளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சியின் 18 தொகுதிகளையும் நாம் முடித்த அழகு உனக்குத் தெரியும். காணொளியை ஓடவிட்டு நீ முருங்கைக்கீரை ஆய்ந்ததை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் முற்பகலும் அப்படியே கழிந்தது. திரையில் இருந்ததை ஒருவர் வாசித்தார். நாங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டோம்.

பிற்பகலில் வந்த ஆசிரியர் பயிற்றுநர் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஒரு செய்தியைக் குறிக்கச் சொன்னார். என் வகுப்பில் 36 பேர். 31 பெயர்களுக்கு மேல் எனக்கு வரவில்லை. சேட்டைக்காரர்களும் முதல் மதிப்பெண்காரர்களும் முதல் பத்து வரிக்குள் வந்துவிட்டார்கள். விடுபட்ட ஐவரும் எனக்கு எந்தத் தொல்லையும் கொடுக்காத பிள்ளைகள். நேரம் மிச்சமாகும் என்று நான்கு ஆண்டுகளாக வருகையை எண் சொல்லியே எடுத்துவந்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்?

திங்கட்கிழமை பெயர் சொல்லி அழைத்தேன். பதினேழாவது பெயருக்குப் பதில் இல்லை. அந்தப் பெண்ணோ எதிரிலேயே, சன்னலோரம், பின்னல் நுனியின் ரிப்பனை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தாள். மறுபடி அழைத்தபோது பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்து, "உன்னத்தான்டி" என்றாள்; பிறகு என் பக்கம் திரும்பி, "இவதான் டீச்சர் பதினேழு" என்று விளக்கமும் தந்தாள். வகுப்பே சிரித்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கல்வி உரிமைச் சட்டத்திலும் அதே எண்தான் வருகிறது, பார். அதன் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2010இலேயே பிரம்பைப் பரணில் போட்டுவிட்டதாக நாம் இருவரும் பெருமை பேசுவோமே, நாக்கை எங்கே போட்டோம்? மெதுவாக எழுதும் ஒரு பையனை நான் 'பாசஞ்சர் வண்டி' என்று அழைத்துவந்தேன். அவனும் சேர்ந்து சிரித்ததால் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அப்படிச் சிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருந்ததா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சியால் திருந்திவிட்டேன் என்று எழுதமாட்டேன். நீ நம்பவும் மாட்டாய். இரண்டாம் நாள் மாலை வீடு சேர்வதற்குள் கைப்பேசியில் மூன்று படிவங்கள் வந்து காத்திருந்தன. அவற்றை நிரப்பும் அவசரத்தில் பழைய எண்ணே வாய்க்கு வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். இப்போதைக்குப் பெயர் சொல்லி அழைக்கிறேன். நான்கைந்து நிமிடம் கூடுதலாகிறது. அந்தப் பெண் இன்னும் மெல்லிய குரலில்தான் "உள்ளேன்" என்கிறாள். அவள் பெயருக்கு எதிரே எழுத ஒரு செய்தியும் கிடைத்துவிட்டது: தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதால்தான் அவளுக்குத் தினமும் தாமதமாகிறது. அதற்காக எத்தனை நாள் வாசலில் நிறுத்தியிருக்கிறேன் தெரியுமா!

உங்கள் வட்டாரத்தில் இந்தப் பயிற்சி எப்போது? அதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, பதிவேட்டை மூடிவைத்து, எழுதிப் பார். எத்தனை பெயர் வந்தது என்று உண்மையைச் சொல்; கீரைக் கதையோடு அதையும் சேர்த்து மறைத்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் மூன்றாம் எண் அறைக்காரி