அந்த வீட்டில்தான் நான் வசிக்கிறேன்: எங்கள் மாவட்டக் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் காவல் அலுவலகத்தில் பாஸ்போர்ட் விசாரணையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், எங்கள் சரகக் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களுக்கும், மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் என் கோப்பை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் கோப்பு எண் உங்கள் மூன்று பேரிடமும் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த மனுக்களும் இருக்கின்றன. அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. கனடாவில் குடியேற, புள்ளிக் கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அந்த நாட்டுத் திட்டம் வழியாக எனக்கு அழைப்பு வந்து இன்று 47-வது நாள். அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லா ஆவணங்களையும் ஏற்றியாக வேண்டும். ஆங்கிலத் தேர்வு, படிப்புச் சான்று, மருத்துவப் பரிசோதனை, வேலை அனுபவக் கடிதங்கள் என்று எல்லாமே கையில் இருக்கின்றன. என் மேல் எந்தக் குற்ற வழக்கும் இல்லை என்று சொல்லும் ஒரே ஒரு தாள், காவல்துறை விசாரித்து அறிக்கை அனுப்பிய பிறகு பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கிற, நாமெல்லாம் பி.சி.சி. என்று சொல்கிற அந்தச் சான்று மட்டும்தான் பாக்கி. மீதி இருப்பது 13 நாள்.

நான் கேட்பது ஒன்றுதான். விசாரணையை முடித்து அறிக்கையை அனுப்புங்கள். எனக்குச் சாதகமாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை, உண்மையை எழுதி அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முன்னாலேயே எடுத்து வைத்திருக்கலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். எடுத்து வைத்திருந்தேன், ஐயா. போன வருடம் இதே வீடு, இதே ஸ்டேஷன், எட்டே நாளில் வந்தது. ஆனால் இப்போது குடியிருக்கும் நாட்டின் போலீஸ் சான்று, விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. அழைப்பு வருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. அதனால் மறுபடி 500 ரூபாய் கட்டி, மறுபடி தேதி வாங்கி, மறுபடி சேவை மையத்தில் விரல் ரேகை கொடுத்தேன். போன முறை வீட்டுக்கு வந்து விசாரித்த தனிப்பிரிவு ஏட்டு மாற்றலாகிப் போய்விட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி, இந்த முறை என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கணினியில் ஒரே வரியாகத்தான் தெரியும்.

நானும் என் கணவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் காவல்துறை விசாரணைக்கு அனுப்பப்பட்டது என்று இரண்டு பேர் போனுக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. அன்றிலிருந்து என் அப்பா வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அவருக்கு 71 வயது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். போலீஸ்காரர் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது, கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்க வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு மஞ்சப்பை. அதில் எங்கள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், வீட்டு வரி ரசீது, எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் ஓடி வருவதாகச் சொன்ன எதிர்வீட்டு மாமாவின் போன் நம்பர் ஒரு சீட்டில். காலைக் காப்பிக்குக் கடைத்தெருப் பக்கம் போகிறவர் போகவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு காட்ட வேண்டிய தேதிக்கும் போகவில்லை. என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வீடே கிளம்பியபோது, "நீங்கள் போயிட்டு வாங்கம்மா, அன்னைக்குன்னு பார்த்து வந்துட்டாருன்னா?" என்று தங்கிவிட்டார். முழங்கால் வலிக்காரர். திண்ணைக்கு மின்விசிறி கிடையாது.

யாரும் வரவில்லை.

ஸ்டேஷனிலிருந்து என் கணவருக்குத்தான் போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். போனார், காகிதங்களைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார். என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தம்மா நேரில் வரவேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, விதி அதுதான் என்றால் அதுதான். நான் பக்கத்து டவுனில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். நைட் டூட்டி முடித்து பஸ் பிடித்து நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து வந்தேன், கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். மூன்றாவது முறை காலை ஒன்பதரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, ரைட்டரிடம் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதை வைத்ததை நானே பார்த்தேன்.

24-வது நாள் முடிவு வந்தது. என் கணவருக்குச் சான்று தயார். எனக்கு எதிரான அறிக்கை. விண்ணப்பதாரர் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை.

ஒரே கதவு எண், ஒரே ரேஷன் கார்டு. அவர் அங்கே வசிக்கிறார், நான் வசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் அப்பா கட்டிய வீடு. அந்த வீட்டிலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன், நர்சிங் படிக்கப் போனேன், கல்யாணமாகிப் போனேன், கணவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிறகு அங்கேயே வந்து சேர்ந்தேன். வசிக்கவில்லை என்று எழுதிய அந்தக் கை ஒரு தடவையாவது எங்கள் கதவைத் தட்டியிருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். நான் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது அப்பா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒரு மணி நேரம் கண்ணசந்துட்டேனோ அன்னைக்கு?" என்று கேட்டார். தப்பு தன்மேல்தான் இருக்கும் என்று நினைக்கிறார், ஐயா. இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் மண்டல அலுவலகத்தில் டோக்கன் வாங்கி நின்று, மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். 31-வது நாள் மறுபடி உங்கள் மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டதாகக் காட்டுகிறது. இன்றோடு 16 நாள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் ஸ்டேஷனுக்கு அனுப்பியாச்சு என்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டால் இன்னும் வரவில்லை என்கிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டால் காவல்துறை அறிக்கை வராமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். மூன்று பதிலும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். ஆனால் மூன்றுக்கும் நடுவில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

இந்த 60 நாள் போனால் என்ன, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வயதுக்குப் புள்ளி உண்டு. கணவரோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை 100 புள்ளி, அதற்கு மேல் வருடத்துக்கு ஐந்து குறையும். 34 வயதில் 75, 35 ஆனால் 70. எனக்கு அடுத்த மாதம் 35 ஆகிறது. இந்த அழைப்பு காலாவதியானால் நான் ஐந்து புள்ளி குறைவாக மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதுவும் முடியப் போகிறது. ஐந்து புள்ளி என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை, ஒரு புள்ளியில் தவறியவர்களை எனக்குத் தெரியும். சான்று வரவில்லை என்று ஒரு விளக்கக் கடிதம் வைத்து அனுப்பலாம். ஆனால் அதை ஏற்பதும், விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று தள்ளுவதும் அங்கே இருக்கும் அதிகாரியின் முடிவு. கட்டிய பணத்தையும் ஐந்து வருட உழைப்பையும் அப்படி ஒரு கடிதத்தை நம்பி அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் நான்கு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் என்பதால் அந்த நாட்டுப் போலீஸின் சான்றும் தேவைப்பட்டது. அதற்கான கைரேகையை உங்கள் மாவட்ட அலுவலகத்தில்தான் எடுத்தோம். அன்று கைரேகைப் பிரிவில் இருந்த காவலர், மை சரியாகப் பதியவில்லை என்று தானே இரண்டாவது தாளில் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என் நன்றியை இங்கேயே சொல்கிறேன். அந்தத் தாளை அனுப்பினோம், மூன்று வாரத்தில் சான்று வந்துவிட்டது. பிழைக்கப் போன நாடு மூன்று வாரத்தில் சொல்லிவிட்டது. பிறந்த ஊரில் 47 நாளாக நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பதே முடிவாகவில்லை.

ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்பது எனக்குத் தெரியும். ஒரு ஏட்டு, இருபது முப்பது கிராமம், திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, கோர்ட், எல்லாவற்றுக்கும் நடுவில் சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு இந்த விசாரணை. ஆஸ்பத்திரியில் நாற்பது நோயாளிக்கு இரண்டு பேராக நின்று பழகிய எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் ஆள் இல்லை என்பதற்காக, பார்க்காத நோயாளிக்குப் பார்த்ததாக நான் சார்ட்டில் எழுதினால் என் வேலை போய்விடும், ஒரு உயிரும் போகலாம். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவது மட்டும் எப்படிச் சாதாரணமாக இருக்கிறது?

வழக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஸ்டேஷன்களை ஒன்றோடொன்று இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009-இலேயே ஒப்புதல் கொடுத்தார்கள். டெல்லியில் 2023 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விசாரணைக்கென்று காவலர்கள் கையில் 350 டேப்லெட் கொடுத்து, 15 நாள் ஆன வேலை 5 நாளில் முடியும் என்று அறிவித்தார்கள். நேரில் போய்ச் செயலியில் பதிவு செய்தால், போனாரா இல்லையா என்ற பேச்சே வராது. எங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

மாவட்ட அலுவலகத்து வராந்தாவில் என்னோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போக வேண்டியவன். அங்கே போகவும் இந்தச் சான்று வேண்டும். ஏஜென்ட் கொடுத்த கெடு நான்கு நாளில் முடிகிறது என்றான். வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறான். "அக்கா, ஏதாவது கொடுத்தா நடக்குமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் யாரும் பணம் கேட்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் ஒரு தாளை நிறுத்தி வைத்தால், கேட்காமலே கொடுக்கத் தோன்றும் நிலைமைக்கு ஜனங்கள் வந்துவிடுகிறார்கள். தரகர்கள் அந்த வராந்தாவுக்கு வெளியே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்களும் தினமும் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போகிறீர்கள். நான் கொடுக்கப் போவதில்லை. கொடுத்து வாங்கும் சான்றில் நான் நல்லவள் என்று எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார் என்றார்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். எனக்கு இருப்பது 13. அப்பா அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய வழக்கில், பாதிக்கப்படுகிறவர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது நியாயமான நடைமுறை ஆகாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதாம். அவர் குடிமையியல் பாடம் எடுத்தவர். நான் வழக்குப் போடப் போவதில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஆனால் நான் வசிக்கவில்லை என்று எழுதும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். மறுவிசாரணைக் கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள், அல்லது என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரம் சொன்னாலும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். பார்த்ததை எழுதி அறிக்கையை இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். மண்டல அலுவலகத்தில் இருப்பவர்கள், அறிக்கை வந்த அன்றே கோப்பை எடுத்துப் பாருங்கள் என்று உங்களையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி, காலை ஒன்பதரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வரும்போது பிள்ளையார் கோயில் தாண்டி இடது பக்கம் மூன்றாவது வீடு, பச்சை கேட். அப்பா திண்ணையில் இருப்பார்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் வசிக்கும் ஒரு செவிலியர்