தொடாமல் நின்ற கைகளுக்கு

உடலியக்கவியல், விளையாட்டு, பொழுதுபோக்கியல் துறையின் பேராசிரியர்களுக்கும், ஆய்வுக்கூட உதவியாளருக்கும், என்னைப் போன்ற முதியவர்களுக்கு விழாமல் நடக்கப் பழக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்பை நடத்திய இறுதியாண்டு மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

நேரில் ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது ஆளிடமே தொண்டை அடைத்துவிடும் என்று தெரிந்ததால் எல்லோரும் அறிய எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரத்தில் கூடியும் விட்டது. தைரியம்தான் கூடவில்லை. படி இறங்கப் பயம், பஸ் ஏறப் பயம். "67 வயதாகிறது, பேசாமல் உட்காருங்கள்" என்று வீட்டில் எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். உட்கார உட்காரத் தொடை இளைத்தது. தொடை இளைக்கத் தள்ளாட்டம் வந்தது. தள்ளாட்டத்தைக் கண்டு பயம் இன்னும் வளர்ந்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயமே ஆளை விழ வைக்கும் என்பது உங்களிடம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் நாள் ஒரு சோதனை வைத்தீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்குப் போய் ஸ்டாப்வாட்சா என்று சிரித்தேன். 17 நொடி ஆயிற்று. 12 நொடி ஆனாலே விழும் அபாயம் உள்ளவர் என்று கொள்வது வழக்கமாம். அந்த மாணவி எண்ணை மறைக்கவுமில்லை, உச்சுக்கொட்டவுமில்லை. "திரும்புகிற இடத்தில்தான் நேரம் போகிறது அம்மா, அதை முதலில் சரிசெய்வோம்" என்றார். என் வயதை விட்டுவிட்டு என் காலைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியில் எனக்குப் பின்னால் நின்ற மாணவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. எதிர்ச் சுவரின் கண்ணாடியில் உங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தேன், தம்பி. என் முதுகுக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. நான் ஆடினால் அந்தக் கையும் ஆடும். நான் நேரானால் அதுவும் நேராகும். பிடித்துக்கொண்டால் என் கணுக்காலுக்கு வேலையில்லாமல் போய்விடும் என்று பிறகு விளக்கினீர்கள். பன்னிரண்டு வாரத்தில் அந்தக் கை என்மேல் பட்டது இரண்டே முறை. இரண்டு முறையும் நான் விழவில்லை.

ஆய்வுக்கூட உதவியாளரை யாரும் மேடையேற்ற மாட்டார்கள்; அதனால் நான் ஏற்றுகிறேன். என் முழங்காலிலும் கணுக்காலிலும் பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி நடக்கச் சொன்னார். கணினித் திரையில் வெறும் புள்ளிகள் நடந்தன. முகமில்லை, உடம்பில்லை, ஆனாலும் அது நான்தான் என்று அந்த நடையே காட்டிக்கொடுத்தது. இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு போவதையும் அங்கேதான் பார்த்தேன். முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றி, தோல் இழுபடாமல் ஒட்டுநாடாவைப் பிரித்தெடுத்த அந்தப் பொறுமை எந்த அளவீட்டிலும் பதிவாகியிருக்காது.

பேராசிரியர், நீங்கள் லண்டன் பஸ் கதை சொன்ன நாளை மறக்கவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸும் குழுவினரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வு: நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அலுவலக நாற்காலியை 34 ஆண்டுகள் தேய்த்த நான் எந்தக் கட்சி என்று கேட்காமலே தெரிந்தது.

களைப்புக்கு மதிப்பெண் சொல்லச் சொல்வீர்களே, அதிலும் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. ஏன் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது? பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும்படி சுவீடனின் உளவியலாளர் குன்னர் போர்க் அமைத்த அளவுகோல் அது என்றீர்கள். என் வயதில் அந்தப் பெருக்கல் பிசகும் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். இருந்தாலும் "13, சற்றுக் கடினம்" என்று கத்துவதில் ஒரு சுகம்.

இனி ஒரு மன்னிப்பு. பொழுதுபோக்கியல் என்று ஒரு படிப்பா என்று முதல் வாரம் கிண்டல் செய்தேன். அந்தப் பிரிவு மாணவர்கள் பலூனைத் தட்டிவிட்டுக்கொண்டே நடக்க வைத்தார்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்க வைத்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்களே பின்னால் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-இல் சுவீடனில் கண்டறிந்தார்களாம். நான் 91-லேயே நின்றுவிட்டேன். நான்கு பேர் சிரித்தோம், பிறகு 88-லிருந்து நடந்தேன். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் மூன்றாம் வாரமே வகுப்பை விட்டிருப்பேன். கிண்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடைசி நாள் அதே நாற்காலி, அதே மூன்று மீட்டர்: 10 நொடி. மாணவி ஸ்டாப்வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கண்ணாடி போடாமலே படித்தேன்.

அடுத்த பருவத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பலூன் ஊதும் வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வகுப்பின் மூன்றாம் நாற்காலிக்காரி