சாதனைப் பட்டியலில் எஞ்சினையும் எழுதுங்கள்

உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ-யின் கிளைடிங் ஆணையத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மேலெழும் காற்றிலேயே பறக்கும், எஞ்சின் இல்லாத கிளைடரில் பல வருடம் பறந்துவிட்டு, அப்புறம் தானே மேலே ஏறவும் அவசரத்துக்கும் எஞ்சின் வைத்த மோட்டார் கிளைடருக்கு மாறியவன் நான். முன்பு மோட்டார் கிளைடருக்குத் தனிச் சாதனைப் பிரிவு இருந்தது, பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். அது முழுத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

எஞ்சினை ரகசியமாக ஓட்டும் ஏமாற்று பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். பறத்தலைப் பதிவு செய்யும் ஃப்ளைட் ரெக்கார்டர் எஞ்சின் சத்தத்தையும் பதிகிறது, சத்தம் குறைந்த மின்மோட்டாரைக் கண்டுபிடிக்கத் தனி சென்சாரும் வந்துவிட்டது. எடையிலும் மோட்டார்க்காரருக்குப் பெரிய லாபம் இல்லை: நல்ல தெர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று, உள்ள நாளில் எஞ்சின் இல்லாதவர் வேகத்துக்காக இறக்கையில் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டிக்கொள்வார், காற்று பலவீனமானால் திறந்துவிட்டு விடுவார். எஞ்சினை அப்படிக் கழற்றிப் போட முடியாது.

என் கவலை பறப்பவரின் மனசுக்குள் நடப்பது பற்றியது. விதிப்படி எஞ்சினைக் கிளப்பிய இடமே பறத்தல் முடிந்த இடம், அதாவது வயலில் இறங்கியதற்குச் சமம். காகிதத்தில் சரிதான். ஒரு சாயங்காலம் எனக்கு முன்னால் நீளமாக ஒரு காடு, உயரம் போதுமா போதாதா என்ற நிலை, நடுவில் இறங்க ஒரு வயல்கூட இல்லை. பழைய கிளைடராக இருந்திருந்தால் கட்டாயம் திரும்பியிருப்பேன். பின்னால் எஞ்சின் இருக்கிறதே என்று போனேன், அந்தப் பக்கம் தெர்மல் கிடைத்தது, தூரமும் கணக்கில் சேர்ந்தது. எஞ்சின் ஒரு நொடிகூட ஓடவில்லை, ரெக்கார்டரில் அதன் தடயமே இல்லை, ஆனாலும் அந்தக் கிலோமீட்டர்கள் எஞ்சின் கொடுத்தவைதான்.

அன்று தெர்மல் கிடைக்காமல், எஞ்சினும் கிளம்பாமல் போயிருந்தால்? எஞ்சினை வெளியே நீட்டியதும் காற்றுத் தடை ஏறிவிடும், அது ஓடாவிட்டால் கிளைடர் முன்பைவிட வேகமாகக் கீழே வரும், அடியில் மரங்கள். கிளப்பினால் சாதனை போச்சு என்பதால் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஐம்பது மீட்டர் என்று தள்ளிப்போடத்தான் தோன்றும். இந்த ஆபத்து எஞ்சின் இல்லாதவருக்குக் கிடையாது, அவர் அதற்கு முன்பே வயலைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

இரண்டு பெரிய பறத்தல்களைப் பாருங்கள். 1972 ஏப்ரல் 25 அன்று ஹான்ஸ்-வெர்னர் குரோஸ்ஸே ஏஎஸ்டபிள்யூ 12 கிளைடரில், எஞ்சின் இல்லாமல், ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை சுமார் 1,460 கிலோமீட்டர் போனார். 2003 ஜனவரி 21 அன்று கிளாவுஸ் ஓல்மன் அர்ஜென்டினாவில், ஆண்டிஸ் மலையைத் தாண்டி அலையாக மேலெழும் அலைக்காற்றில், நிம்பஸ் 4டிஎம்-இல் 3,009 கிலோமீட்டர் பறந்தார். அது மோட்டார் கிளைடர். மலை அலையைப் படித்து ஒரு நாள் முழுக்க அதிலேயே ஓடுவது எஞ்சின் செய்யும் வேலை இல்லை, ஓல்மனின் திறமையை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. இழுத்துச் செல்ல விமானமும் ஆளும் இல்லாத ஒருவர் விடியற்காலையில் தானே கிளம்பிப் போக எஞ்சின்தான் வழி என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் மோட்டார்க்காரர்களைத் தனி மூலையில் உட்கார வைக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பொதுப் பட்டியல் அப்படியே இருக்கட்டும். விமானத்தின் பெயரை மட்டும் போட்டு, அதில் மோட்டாரைக் குறிக்கும் 'எம்' எழுத்தைத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று விடாமல், அந்தப் பறத்தலில் ஓடக்கூடிய எஞ்சின் கூட வந்ததா, எப்படி மேலே ஏறினார் என்று ஒவ்வொரு சாதனைக்கும் எழுதுங்கள். அதோடு, எஞ்சினே இல்லாமல் செய்த சிறந்த பறத்தலுக்கு ஒவ்வொரு பிரிவிலும் தனியாக ஒரு வரி கொடுங்கள். அந்தக் காட்டின் முன்னால் திரும்பிப் போனவருக்கும் பட்டியலில் இடம் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.