நாலடி நடை

உடுமலைப்பேட்டை
ஆனி 10

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடம் வந்து இருபது நாளாகிறது. பிரித்ததும் என் கண் நேராக நடையின் மேல்தான் போய் விழுந்தது. தலைவாசலிலிருந்து பின்கதவு வரை மூன்றடி அகலம் என்று போட்டிருக்கிறாய். காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு நடையும் மூன்றடிதான். மாசி மாதம் அத்தை விழுந்தது அங்கேதான்.

மறைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை. இரவு இரண்டு மணி இருக்கும், வீட்டின் பின்புறப் பொடக்காலிக்குப் போக எழுந்திருக்கிறார்கள். அவர்கள் அறை முன்பக்கம், விளக்கின் சுவிட்சோ நடையின் அடுத்த கோடியில். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனவர்களின் காலில் ஹெல்மெட் இடறியது. இடுப்பெலும்பு முறிந்தது. கோவையில் அறுவை சிகிச்சை, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஹெல்மெட்டைத் தரையில் வைத்தது நான். தோட்டத்திலிருந்து வந்த அசதியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். அத்தை இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வாக்கரோடு அழைத்து வந்தோம். வாக்கர் இரண்டடி அகலம். மூன்றடி நடையில் ஓரடியைச் செருப்பு ஸ்டாண்டு பிடித்துக்கொண்டிருந்தது. நுழையவில்லை. அவரும் நானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். “ஐம்பது வருடம் நடந்த வீடு, இப்போது வழிவிடமாட்டேன் என்கிறதே” என்றார்கள் அத்தை. அன்று ராத்திரியே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மிணி, வீடு கட்டும்போது ஹாலைப் பற்றிப் பேசுகிறோம், சமையலறை மேடைக் கல்லுக்குக் கடைகடையாக ஏறி இறங்குகிறோம். நடையை மட்டும் மீதி விழுந்த இடமாக விட்டுவிடுகிறோம். ஒரு நாளில் அதிகம் நடமாடுவது அங்கேதான். தண்ணீர்க் குடம், காய்கறிக் கூடை, கட்டில், பீரோ எல்லாம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். நம் விடுதி மூன்றாம் எண் அறையில் டிரங்குப் பெட்டியை வாசலில் போட்டு நான்கு வருடம் எங்களைத் தாண்டிக் குதிக்க வைத்தவள் நீ. உனக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நடையை ஒட்டிய சரக்கறைச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். மேலே எந்தப் பாரமும் அது தாங்கவில்லை என்று பொறியாளர் பார்த்து உறுதி சொன்ன பிறகு, அதை இடித்து ஓரடி உள்ளே தள்ளிக் கட்டினோம். இப்போது நடை நாலடி. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. அத்தை அறை முன்னால் மட்டும் ஐந்தடி விட்டிருக்கிறோம், சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப அவ்வளவு வேண்டும். அது தேவைப்படாமலே போகட்டும். செருப்புக்குப் புதுச் சுவரிலேயே சரக்கறைப் பக்கமாக ஓரடி ஆழத்தில் மாடம் விட்டாயிற்று. அதற்கு மேல்தட்டு ஹெல்மெட்டுக்கு. தரையில் இனி ஒன்றும் கிடையாது.

விளக்கில்தான் அடிபட்டேன். இரண்டு கோடியிலும் சுவிட்சு வேண்டும், எங்கிருந்தும் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும் என்று நான்கு முறை சொல்லியும், மேஸ்திரி வயருக்குக் குழாய் பதிக்காமலே பூசிவிட்டார். பூச்சு காய்ந்த பிறகு மறுபடி கொத்தினார்கள். நீ பூசும் முன்பே பக்கத்தில் நின்று பார். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சின்ன மாடங்கள் வைத்து, ஆள் வந்தால் தானாக எரியும் மஞ்சள் விளக்குகள் பொருத்தினோம். நடுராத்திரியில் கண் கூசாது, கால் வைக்கும் இடம் மட்டும் தெரியும். அந்தக் காலத்து அகல் மாடம் போலவே இருக்கிறது. நான் தூக்கம் வராத இரவுகளில் அதைப் பார்க்கவே எழுந்து போகிறேன்.

வழவழத்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானது போட்டோம். தரை வெளிர் நிறம், சுவரோரப் பட்டை அடர்சிவப்பு. வயதான கண்ணுக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே. உள்வாசற்படிகளை எடுத்தாயிற்று. தலைவாசல் படியை மட்டும் அத்தை தொட விடவில்லை, மஞ்சள் பூசிக் கும்பிட்ட படியாயிற்றே. ஒன்றரை அங்குலம் உயரம் அது. ஓர் அங்குலத்துக்கு ஓரடி என்ற கணக்கில் உள்பக்கம் ஒன்றரை அடிக்குச் சரிவுப் பலகை போட்டுச் சமாளித்தோம்.

கைப்பிடியைப் பற்றி நீ கேட்டே ஆகவேண்டும். பழைய உத்தரத்தில் மிச்சமிருந்த தேக்கில் ஆசாரி இழைத்துக் கொடுத்தார். ஒன்றரை அங்குலப் பருமன், சுவருக்கும் அதற்கும் இடையே இரண்டு அங்குலம், அத்தையின் இடுப்பு உயரம். மாமா ஏற்றிவைத்த உத்தரம் அது. அத்தை முதல் நாள் அதைப் பிடித்தவர்கள் நடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டார்கள்.

என் கல்யாணத்துக்கு நீ பவானியிலிருந்து வாங்கி வந்த ஜமக்காளம் இருக்கிறதே, அதை நடையில் விரிக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். விரிப்பின் ஓரம் வாக்கரில் மாட்டும் என்பதால் சுவரில் தொங்கவிட்டேன். சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள், வாசல் வெயில் படும்போது வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. எங்கள் பின்கதவு மேற்கே பார்த்தது. திறந்து வைத்தால் காற்று நடை வழியாக ஓடித் தலைவாசலில் வெளியேறுகிறது. கதவு அறையாமல் இருக்கக் காந்தப் பிடிப்பான் வைத்திருக்கிறோம். மத்தியானம் அத்தையின் நாற்காலி அங்கேதான்.

உன் வரைபடத்தில் இன்னொன்று. இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் காட்டியிருக்கிறாய். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் இல்லாத இடம் ஆகாது. மாற்று. ஹாலைப் பதினெட்டடிக்கு இழுத்திருக்கிறாயே, அங்கே என்ன கும்மியா அடிக்கப் போகிறீர்கள்? அதில் ஓரடியைப் பிடுங்கி நடைக்குக் கொடு. உன் அம்மாவுக்கு எழுபத்தாறு ஆகிறது.

நம் நெட்டச்சி மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கும். சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான். அவர் நலம்.

ஆடிப் பதினெட்டுக்கு அமராவதிக்குப் போகலாம் என்றாயே, வா. வரைபடத்தையும் எடுத்து வா, அத்தை பார்க்க வேண்டுமாம். அதுவரை கோபிசெட்டிபாளையத்தில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட விடாதே.

உன்
பெரிய கண்ணு