பக்கத்து இருக்கைக்காரனுக்கு

டேய்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். உன் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதே சைலன்சர் சொல்லித்தான் தெரியும். இப்போது படி ஏற முடிகிறதா? ஏறும்போது எண்ணுகிறாயா, இல்லை அந்த வியாதியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்களா? இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள். சின்னவன் என் சட்டையைப் போட ஆரம்பித்திருக்கிறான். குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய்.

இந்த வருடம் நம் ஆம்புலன்ஸ் சேவையில் சிறந்த பணியாளர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். "நீங்கதான் சீனியர்" என்றார்கள். இனி வண்டியில் ஏறி இறங்க லாயக்கில்லாதவன் என்பதை மரியாதையாகச் சொல்கிற முறை அது. சரி, நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று போனேன். மொத்தம் 41 பரிந்துரை. மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

எல்லாம் ஒரே கதை. நின்றுபோன இதயத்தை ஓடவைத்தார். ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்தார். உயிர் பிழைத்தது சின்ன விஷயமா என்று கேட்பாய். இல்லைதான். ஆனால் உனக்கும் எனக்கும் தெரியுமே, பிழைப்பவர் பிழைப்பது பாதிக்குப் பாதி நாம் போய்ச் சேருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. விழுந்ததை யாராவது பார்த்தார்களா, பார்த்தவர் உடனே நெஞ்சில் கை வைத்து அழுத்தினாரா, மானிட்டரைப் போட்டபோது ஷாக் கொடுத்துச் சரிப்படுத்தக்கூடிய இதயத் துடிப்பு மிச்சம் இருந்ததா. யாரும் எதுவும் செய்யாமல் கிடந்தால் நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை வாய்ப்பு கரைந்துகொண்டே போகிறது. யாரும் பார்க்காமல் விழுந்து, மானிட்டரில் துடிப்பே இல்லாமல் நேர்கோடு மட்டும் ஓடிய ஒருவரிடம் ஒரு பையன் 40 நிமிடம் பிசகே இல்லாமல் வேலை பார்த்திருப்பான். அவனுக்குப் பரிந்துரையே வராது. வந்தாலும் கடைசி வரியில் "துரதிர்ஷ்டவசமாக" என்று இருக்கும், அதோடு முடிந்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990ல் நார்வேயில் உட்ஸ்டைன் என்ற பழைய மடத்தில் பல நாட்டு மருத்துவர்கள் கூடியதே இந்தத் தலைவலிக்காகத்தான். ஒவ்வோர் ஊரும் தன் இஷ்டப்படி கணக்கு எழுதினால் எந்த ஊர் ஆம்புலன்ஸ் நன்றாக வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்வது? அதனால் விழுந்ததை ஒருவர் பார்த்த கேஸ், ஷாக் கொடுக்கக்கூடிய துடிப்பு இருந்த கேஸ் என்று பிரித்து எண்ணச் சொன்னார்கள். "ஓர் ஊரை எடைபோடவே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள், நாம் ஒரு மனுஷனை எடைபோட ஒரு பத்தி எழுதித் தரச் சொல்கிறோமே" என்று கூட்டத்தில் கேட்டேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த 41க்குள் எனக்குப் பிடித்தவர்கள் இருவர். ஒருத்தி புதுப் பெண், சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தெருவோரத்தில் ஒருவர் உளறிக்கொண்டு கிடந்திருக்கிறார். கூட்டம் "குடிகாரன்" என்று தீர்ப்பு எழுதிவிட்டது. இவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். அடிமட்டத்தில் இருந்திருக்கிறது. குளுக்கோஸ் ஏறியதும் மனிதர் எழுந்து உட்கார்ந்து தன் செருப்பைத் தேடினாராம். இதில் சைரன் கிடையாது, ஓட்டம் கிடையாது, ஆறு நிமிட வேலை. "இது ரொட்டீன்தானே" என்றார் குழுவில் ஒருவர். ரொட்டீனை யாருமே பார்க்காத இடத்திலும் செய்வதுதானே அய்யா விஷயம் என்றேன். அவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது ஒன்று ஜெயித்தது.

அடுத்தவன் விஷயத்தில்தான் தோற்றேன். ராத்திரி ஷிப்டில், பெட்டியிலிருந்து ஒரு மருந்து ஆம்பூலுக்குப் பதில் பக்கத்தில் இருந்த இன்னொன்றை எடுத்து சிரிஞ்சில் ஏற்றிவிட்டான். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிற எழுத்து. குத்துவதற்கு முன் ஒருமுறை சத்தமாகப் பெயரைப் படித்தபோது பிடிபட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. இவன் காலையில் நடந்ததைத் தானாகவே எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் எல்லா வண்டியிலும் அந்த இரண்டு மருந்தையும் வேறு வேறு தட்டில் வைத்தார்கள். யோசித்துப் பார், அந்த ஒரு தாளால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. அவனுக்கு விருது என்றதும் சிரித்துவிட்டார்கள். "தப்புப் பண்ணினவனுக்குக் கேடயமா?" என்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நம் காலத்தில் எத்தனை பேர் இப்படி எழுதிக் கொடுத்தோம்? நீ ஒரு முறை. நான் ஒரு முறைகூட இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

ஒல்லி வேலையை விட்டுவிட்டான், தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன் மேடையில் கேடயம் வாங்கினானே, அவன்தான். ஒரு குழந்தை கேஸ். அது முடிந்த அரை மணி நேரத்தில் அடுத்த கேஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "ஒரு நாள் வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தால் போதும், கேடயத்தைத் திருப்பியே கொடுத்திருப்பேன்" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது? பேச்சை மாற்றிவிட்டேன். அதுவும் உறுத்துகிறது.

நடுவில் இன்னொன்றைப் படித்து இரண்டு ராத்திரி தூக்கம் போனது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் ஆம்புலன்ஸ் சேவை. அதுவரை அங்கே நோயாளியைத் தூக்கிப்போனது பெரும்பாலும் போலீஸ் வண்டி. உள்ளே சிகிச்சை என்று ஒன்றும் கிடையாது. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில், வேலை கொடுக்க லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதை நிலைநாட்டியவர்களில் ஒருவர் அவர். அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய மகள் ஆஸ்துமாவில் போய்விட்டாள். நம் ஆள்கள் இன்று வண்டியில் செய்கிற பாதி வேலையை அந்த இளைஞர்கள் அப்போதே தெருவில் செய்துகாட்டினார்கள். 1975ல் நகர நிர்வாகம் சொந்தச் சேவை தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸை மூடி, அவர்களில் பலரை ஓரங்கட்டிவிட்டார்கள். பாராட்டு வந்து சேர்ந்தது பல பத்தாண்டுகள் கழித்து. அதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்களோ. இதையும் கூட்டத்தில் சொன்னேன். மறுபடியும் கைக்கடிகாரம்.

அப்புறம்தான் அது நடந்தது. பழைய வருடங்களில் எந்த அளவுகோலில் கொடுத்தார்கள் என்று பார்க்கப் பழைய கோப்புகளைக் கேட்டேன். தூசிக் கட்டு ஒன்று வந்தது. அதில் என் பெயரும் இருந்தது. இதயம் நின்றுபோன அந்த மூன்றாம் மாடி கேஸ். எனக்கு அந்தச் சான்றிதழை வாங்கிக்கொடுத்தது பெரியவர் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் ரிட்டயர் ஆனபோது போய் நன்றிகூடச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார், திருடன்.

பரிந்துரைத் தாளில் எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் "54 படிகளை மூச்சு வாங்காமல் ஏறினார்" என்று எழுத உலகத்தில் வேறு யார் இருக்கிறான்? அந்த வளைந்த ழ வேறு. முதல் விஷயம், அது பொய். இரண்டாம் மாடியிலேயே எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது நீ. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தியதில் சரிபாதி நீ. அத்தனைக்கும் அந்தத் தாளில் உன்னைப் பற்றி இருப்பது ஒரே வரி: "வாகனம் உரிய நேரத்தில் சேர்ந்தது." வாகனம் தானாகவா சேர்ந்தது? டிரைவருக்கு அப்போது விருதுப் பிரிவே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அந்தச் சான்றிதழை உன் முகத்துக்கு நேரே ஆட்டினேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன செய்வது என்று தெரியாமல் ஆவண அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அந்தக் கேஸில் மூன்றாவது ஆள் ஒருத்தர் உண்டு, நாம் இருவருமே எழுதாமல் விட்டுவிட்டோம். கட்டுப்பாட்டு அறை அக்கா. 23 வருடமாக அதே நாற்காலி, அவர் பெயர் ஒரு முறைகூடப் பரிந்துரையில் வந்ததில்லை. நினைவிருக்கிறதா, அந்த மகள் போனில் "அப்பா மூச்சு விடுறாரே, குறட்டை மாதிரி வருது" என்றாளாம். வேறு யாராவது இருந்திருந்தால், மூச்சு இருக்கிறது, காத்திருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அக்கா அது மூச்சே இல்லை, இதயம் நின்றபின் வருகிற கடைசி இழுப்பு என்று கண்டுகொண்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தரையில் படுக்கவைக்கச் சொல்லி, நெஞ்சை அழுத்தச் சொல்லி, எண்ணத் தொடங்கிவிட்டார். நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல். நாம் கதவைத் திறந்தபோது அந்தப் பெண் அழுதுகொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள், தரையில் கிடந்த போனிலிருந்து அக்கா குரல் எண்ணிக்கொண்டிருந்தது. நாம் ஷாக் கொடுக்கும்படி ஒரு துடிப்பு மிச்சம் இருந்ததே அதனால்தான்.

அக்காவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் சர்வீஸ். நான் பரிந்துரை எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் காலத்து அழைப்புப் பதிவு அழிந்துவிட்டது, நேரில் கேட்ட இன்னொருவர் எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். நான் குழுவில் இருப்பதால் என் சாட்சி செல்லாதாம். மிச்சம் இருப்பது நீதான்.

ஒரு பக்கம் போதும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்கு வரவேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பு, இந்த முறை பெயரோடு. படிக்கணக்கு வேண்டாம். கதவு திறந்ததும் காதில் விழுந்தது எந்த எண் என்று நினைவிருந்தால் அதை மட்டும் எழுது. உனக்கு நினைவிருக்கும்.

உன்
மூச்சு வாங்காதவன்